செக்ரோலிலிருந்து கணிப்பொறிக்கு: இரண்டு வேலைகள் பிறந்த கதை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு செக்ரோல் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கைக் கிராணியார் குறித்துவைத்த அந்தப் பெரிய புத்தகத்திற்குள்தான் ஒரு குடும்பத்தின் மாதம் முழுவதும் அடங்கியிருந்தது. மழை பெய்து பால் கெட்ட நாள், அரை நாள் வேலை, பால் நிறுவை, ஒட்டுப்பால் நிறுவை, வாங்கிய முன்பணம், ஊழியர் சேமநிதிக்குப் பிடித்த காசு, இத்தனையும் அதில் ஏற வேண்டும். என் தகப்பனாருக்கு எழுத்து தெரியாது. அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வேலை நாளை எண்ணி வைப்பார். சம்பள நாளில் சுவரின் கணக்கும் புத்தகத்தின் கணக்கும் ஒத்துப்போகாத மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் சுவர் ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை.

இன்றைய பேச்சு கணிப்பொறித் துறையைப் பற்றியது. அதற்கு ஏன் செக்ரோலிலிருந்து தொடங்குகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "ஐயா, என் மகன் படிப்பு முடித்து சாப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் ஆகப் போகிறேன் என்கிறான். வீடு கட்டுகிற வேலைக்கு எதற்கு கம்ப்யூட்டர் படிப்பு? என் தங்கை மகள் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்கிறாள். இரண்டும் ஒன்றா, வேறா? எதற்குப் பணம் கட்டலாம்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. மகனின் படிப்புக்காக சேமநிதியை எடுக்கப் போகிற தாய் கேட்கும் கேள்வி. படித்தவர்களிலும் பலர் இந்த இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்கிறார்கள். இவை எங்கே, எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதல் வேலை பிறந்த இடம் ஒரு தேநீர்க் கடை!

வேடிக்கையாகச் சொல்லவில்லை. லண்டனில் ஜே. லயன்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1894-இல் பிக்காடிலி என்ற பெரிய தெருவில் முதல் தேநீர்க் கடையைத் திறந்து, பின்பு இங்கிலாந்து முழுவதும் கடைகளைப் பரப்பியது. ரொட்டி, கேக், ஐஸ்கிரீம், தேயிலை எல்லாம் தானே தயாரித்து விற்றது. ஆப்பிரிக்காவில் நியாசாலாந்து என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய மலாவி நாட்டில் அதற்குச் சொந்தத் தேயிலைத் தோட்டமே இருந்தது. ஆகவே அந்தக் கம்பெனியின் லாபத்துக்கு அடியிலும் ஏதோ ஒரு தோட்டத்துப் பிரட்டுக் கணக்கு இருந்திருக்கும்.

ஒரு கோப்பைத் தேநீரில் என்ன லாபம் கிடைக்கும்? ஒரு பென்னியின் சிறு பின்னம். ஆனால் கோடிக்கணக்கான கோப்பைகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு ரசீது; அவற்றைக் கூட்டிக் கழிக்க ஒரு பட்டாளம் குமாஸ்தாக்கள். லாபத்தைக் கணக்கே தின்றுவிடும் நிலை. இதைக் கவனித்தவர் ஜான் சிம்மன்ஸ் என்பவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1923-இல் லயன்ஸில் சேர்ந்தவர். அலுவலக வேலை எப்படி நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்பதை ஆராய்வதற்கென்றே 1930-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியில் ஒரு தனிப் பிரிவு ஏற்பட்டது. அப்போது கணிப்பொறி என்ற ஒன்று உலகத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அனலிஸ்டின் வேலை இயந்திரத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. இது பலருக்குத் தெரியாத சங்கதி.

யுத்தம் முடிந்தபின், 1947-இல், அந்தக் கம்பெனியின் அதிகாரிகள் இருவர், தாம்சன், ஸ்டாண்டிங்போர்டு என்பவர்கள், அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள அலுவலக முறைகளைப் பார்த்தார்கள். அங்கே பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற அறிஞர், "உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் கணிப்பொறி செய்துகொண்டிருக்கிறாரே" என்று சொல்லியனுப்பினார். அடுத்த ஊர் கிணற்றைத் தேடிப் போனவனுக்குத் தன் வீட்டுக் கொல்லைக் கிணற்றைக் காட்டிய கதைதான். லயன்ஸ் கம்பெனி கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுன் கொடுத்து உதவியது. கேம்பிரிட்ஜ் இயந்திரம் 1949 மே மாதத்தில் ஓடியது. அதைப் பின்பற்றி, தேநீர்க் கம்பெனி தனக்கென்றே ஒரு கணிப்பொறியைக் கட்டியது. அதன் பெயர் லியோ. லயன்ஸின் மின்னணு அலுவலகம் என்ற சொற்களின் முதலெழுத்துகள்தாம் அந்தப் பெயர்.

இயந்திரத்தைச் செய்தவர் ஜான் பிங்கர்டன் என்ற பொறியாளர். யுத்த காலத்தில் ராடார் வேலை பார்த்தவர். சுமார் 6,000 வால்வுகள் கொண்ட இயந்திரம் அது. பழைய ரேடியோப் பெட்டியில் சிவப்பாக எரியுமே, அந்த வால்வுதான். வீட்டு ரேடியோவில் ஐந்தாறு வால்வு இருக்கும். அதில் ஒன்று கெட்டாலே நாம் பட்ட பாடு தெரியும். 6,000 வால்வுகளில் எது எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும்? பிங்கர்டன் ஒரு வழி செய்தார். வேலை தொடங்குமுன் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்கிச் சோதித்து, தளர்ந்துபோன வால்வுகளை முன்கூட்டியே கண்டுபிடித்து மாற்றினார்.

ஆனால் இன்றைய பேச்சின் நாயகர் அவர் அல்லர். டேவிட் கேமினர் என்பவர். 1936-இல் லயன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். யுத்தத்தில் துனீசியாவில் ஒரு காலை இழந்து, மீண்டும் அதே கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். லியோவுக்கு என்ன வேலை கொடுப்பது, அந்த வேலையை எப்படிப் பிரித்துச் சொல்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவருடையது. உலகத்தின் முதல் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று பலர் இவரைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

1951 நவம்பரில் லியோ தன் முதல் முறையான வேலையைத் தொடங்கியது. ராக்கெட்டுக் கணக்கா, அணுகுண்டுக் கணக்கா? இல்லை. ரொட்டி, கேக் செய்யும் பேக்கரியின் வாராந்தரக் கணக்கு. வியாபார வேலையை வாடிக்கையாகச் செய்த முதல் கணிப்பொறி உலகத்திலேயே அதுதான்.

அடுத்தது சம்பளக் கணக்கு. இங்கேதான் கேமினரின் கைவண்ணம் தெரிகிறது. ரொட்டிக் கணக்கு ஒரு நாள் பிந்தினால் மேலாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். சம்பளம் ஒரு நாள் பிந்தினால் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியாது. ஆகவே 1953 முழுவதும் குமாஸ்தாக்களின் கணக்கையும் இயந்திரத்தின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். 1954-இல்தான் இயந்திரத்தை நம்பி விட்டார்கள். அனுபவமுள்ள ஒரு குமாஸ்தா ஓர் ஆளின் சம்பளத்தைப் போட எட்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார். லியோவுக்கு ஒன்றரை விநாடி போதும். வேலையின் நடுவில் இயந்திரம் படுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர வழி, கூட்டுத்தொகைகளைக் குறுக்கே சரிபார்க்கும் ஏற்பாடு, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துத் திருத்தும் கட்டாயம் என்று கேமினரின் ஆட்கள் வைத்த கட்டுப்பாடுகள் பல.

இப்போது நம் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைப்பது என்றால் முதலில் யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். மழை பதினொரு மணிக்கு வந்தால் அது அரை நாளா, முழு நாளா? பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணின் முன்பணத்தை எந்த மாதத்தில் பிடிப்பது? ஒருவர் மரத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்ட நாளில் பால் யார் பேரில் ஏறும்? பிடித்தமெல்லாம் போகச் சம்பளம் சுழியாகிவிட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கையில் என்ன கொடுப்பது? கிராணியாருக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். ஆனால் எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார். சிலவற்றில் கிராணியார் சொல்வது ஒன்று, மண்டோர் சொல்வது ஒன்று, பால் வெட்டுகிறவர் சொல்வது மூன்றாவது ஒன்று. இந்த மூன்றையும் கேட்டு, எது விதி, எது பழக்கம், எது வெறும் அக்கிரமம் என்று பிரித்து, ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிக் கொடுப்பவர்தான் அனலிஸ்ட். தமிழில் பகுப்பாய்வாளர் என்கிறோம். அவருக்குக் கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது. காதும் பொறுமையும் வேண்டும். அவர் கேட்காமல் விட்ட கேள்வியை இயந்திரம் தானாகக் கேட்காது. சுவரில் கரிக்கோடு போட்டவரையும் ஒரு வார்த்தை கேட்கிற அனலிஸ்ட்தான் என் கணக்கில் நல்ல அனலிஸ்ட்.

சில சமயம் கேள்வி கேட்டதாலேயே பாதி வேலை குறைந்துவிடும். லயன்ஸ் கடைகளின் தினசரி ஆர்டர் அதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு கடையின் நிர்வாகப் பெண்மணியும் நாளைக்கு எத்தனை ரொட்டி, எத்தனை கேக் என்று தினமும் நீண்ட பட்டியல் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, திங்கட்கிழமை ஆர்டர் ஏறக்குறைய எல்லாத் திங்கட்கிழமையும் ஒன்றுபோலவே இருந்தது. ஆகவே கிழமைவாரியாக ஒரு வாடிக்கை ஆர்டரை லியோவிடம் வைத்துவிட்டு, மாறுதல் இருந்தால் மட்டும் பிற்பகலில் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று 1954-இல் ஏற்பாடு செய்தார்கள். மறுமுனையில் காதில் ஒலிபேசியுடன் உட்கார்ந்திருந்த பெண்கள் அந்த மாறுதலை மட்டும் அட்டையில் துளையிட்டு இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். பழைய வேலையை அப்படியே தூக்கி இயந்திரத்தின் தலையில் வைப்பது ஆராய்ச்சி அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, ஆர்க்கிடெக்ட் எங்கே வந்தார்?

லியோவின் காலத்தில் அவருக்குத் தனி நாற்காலி கிடையாது. எல்லா நிரலையும் ஒரு சிறு கூட்டமே எழுதியது. மொத்தத்தின் வடிவமும் கேமினரின் ஆட்கள் தலையிலேயே இருந்தது. பத்துப் பேர் கட்டும் கொட்டகைக்குக் கட்டடக் கலைஞர் தேவையில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு கோபுரம் எழுப்பும்போதுதான் அந்தத் தேவை தலைகாட்டும். அந்தக் கோபுரம் அமெரிக்காவில் எழும்பியது.

ஐ.பி.எம். கம்பெனி 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி சிஸ்டம் 360 என்ற கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்குமுன் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒவ்வொரு பாஷை. சிறிய இயந்திரத்துக்கு எழுதிய நிரலைப் பெரிய இயந்திரம் வாங்கும்போது தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். 360 குடும்பத்தில் சிறிதும் பெரிதுமாக ஆறு மாடல்கள். ஆறுக்கும் ஒரே பாஷை. இந்தப் பொது அமைப்பை வகுத்தவர்கள் ஜீன் அம்டால், கெரிட் பிளாவ், பிரெட் புரூக்ஸ் ஆகிய மூவர். இதைப் பற்றி அதே ஆண்டில் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஆர்க்கிடெக்சர், அதாவது கட்டடக்கலை, என்ற சொல்லை வைத்தார்கள். பிளாவ் இதற்குக் கடிகாரத்தை உதாரணம் காட்டியதாகப் புரூக்ஸ் எழுதியிருக்கிறார். முகப்பும் முள்ளும் சாவியும்தான் கடிகாரத்தின் ஆர்க்கிடெக்சர். அதைக் கற்றுக்கொண்ட குழந்தை, கைக்கடிகாரத்திலும் மணி பார்க்கும், மாதாகோயில் கோபுரக் கடிகாரத்திலும் மணி பார்க்கும். உள்ளே ஓடும் சக்கரம் எதுவானாலும் அதற்குக் கவலையில்லை.

இயந்திரம் நன்றாக அமைந்தது. கஷ்டம் மென்பொருளில் வந்தது. அந்த இயந்திரங்களை நடத்துவதற்கான ஓ.எஸ். 360 என்ற பெரும் மென்பொருளின் பொறுப்பும் புரூக்ஸிடம் வந்தது. உச்ச கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 1963 முதல் 1966 வரை அதற்குச் செலவான உழைப்பு ஏறக்குறைய 5,000 ஆள்-ஆண்டுகள் என்பது அவருடைய மதிப்பீடு. ஓர் ஆள் தனியாகச் செய்தால் 5,000 ஆண்டு பிடிக்கும் வேலை என்று பொருள்.

அதன் வெளி வடிவத்தை, அதாவது பயன்படுத்துகிறவருக்கு அது எப்படித் தோன்ற வேண்டும் என்ற விவரத்தை, யார் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. வடிவமைப்புக் குழுவின் தலைவரிடம் பத்து நல்ல ஆட்கள் இருந்தார்கள். "நாங்கள் சரியாகச் செய்வோம், ஆனால் பத்து மாதமாகும், கெடுவைவிட மூன்று மாதம் அதிகம்" என்றார் அவர். நிரல் எழுதும் குழுவின் தலைவரிடம் 150 பேர். "நாங்கள் குறித்த காலத்திலேயே முடிப்போம், தவிர அந்தப் பத்துப் பேரும் எழுதி முடிக்கும்வரை என்னுடைய 150 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?" என்று கேட்டார் இவர். முதலாமவர், "அவர்களிடம் கொடுத்தாலும் மூன்று மாதம் பிந்தத்தான் போகிறது, தரமும் கெடும்" என்று எச்சரித்தார்.

நீங்களும் நானும் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்போம்? 150 பேருக்குச் சம்பளம் கொடுத்துச் சும்மா உட்கார வைக்க யாருக்கு மனம் வரும்? புரூக்ஸ் 150 பேரிடமே கொடுத்தார். எச்சரித்தவர் சொன்னது இரண்டு விதத்திலும் பலித்தது. வேலை பிந்தியது, தரமும் குறைந்தது. பல கைகள் பல விதமாக நினைத்து எழுதியதால், பிழை திருத்துவதற்கு மட்டும் இன்னும் ஓர் ஆண்டு கூடுதலாகச் செலவானது என்று புரூக்ஸ் பின்னாளில் கணக்கிட்டார். 1975-இல் வெளியிட்ட தம் நூலில், தவறு தம்முடையது என்பதை மறைக்காமல் இந்தக் கதையை எழுதினார். பெரிய பதவியில் இருந்தவர்கள் இப்படி எழுதுவது அபூர்வம். அவர் 2022-இல் காலமானார்.

மென்பொருளுக்கும் ஒரு கட்டடக் கலைஞர் தேவை என்ற எண்ணம் வேரூன்றியது இப்படிப்பட்ட காயங்களால்தான். 1969-இல் ரோமில் கூடிய மென்பொருள் அறிஞர்களின் மாநாட்டில் இயன் ஷார்ப் என்பவர், மென்பொருளில் பொறியியல் வேறு, கட்டடக்கலை வேறு என்று வாதாடினார். ஆனாலும் அது ஒரு தனிக் கல்வியாக உருப்பெற 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அனலிஸ்ட் மூத்தவர், ஆர்க்கிடெக்ட் இளையவர் என்று சொல்லலாம்.

ஆர்க்கிடெக்ட் என்னதான் செய்கிறார்? அனலிஸ்ட் எழுதிக் கொடுத்த விதிகளை நிறைவேற்ற வேண்டிய மென்பொருளை எத்தனை பகுதியாகப் பிரிப்பது, எந்தப் பகுதி எதனோடு பேசலாம், கணக்குப் புத்தகம் ஓரிடத்தில் இருக்குமா பல இடத்தில் இருக்குமா, ஒரு பகுதி படுத்துவிட்டால் மற்றவை நிற்குமா நடக்குமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறார். நம் செக்ரோலுக்கே வருவோம். இன்று ஒரு தோட்டம். நாளை முப்பது தோட்டம் சேர்ந்தால் தாங்குமா? தொலைபேசித் தொடர்பு அறுந்த நாளில் பால் நிறுவையை எங்கே எழுதி வைப்பது? அரசாங்கம் சேமநிதி விகிதத்தை மாற்றினால் ஓரிடத்தில் மட்டும் திருத்தினால் போதுமா, நாற்பது இடத்தில் தேட வேண்டுமா? முதல் நாளே தவறாக வகுத்துவிட்டால் பத்து வருஷம் கழித்தும் அந்தத் தவறுக்கு வட்டி கட்டவேண்டி வரும்.

அனலிஸ்டின் முகம் வேலை செய்கிற மக்களைப் பார்த்து இருக்கிறது. ஆர்க்கிடெக்டின் முகம் கட்டுகிறவர்களையும் வரப்போகிற காலத்தையும் பார்த்து இருக்கிறது. அனலிஸ்ட் தவறினால், அழகாக ஓடும் மென்பொருள் தப்பான சம்பளத்தைப் போடும். ஆர்க்கிடெக்ட் தவறினால், சரியான சம்பளம் போடும் மென்பொருள் சம்பள நாளன்று படுத்துக்கொள்ளும். வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்கிறீர்களா? அதுவும் உண்மை. பழைய லயங்களைக் கட்டியவர்கள் சுவரை உறுதியாகத்தான் கட்டினார்கள். ஆனால் அடுப்புப் புகை எங்கே போகும் என்று உள்ளே குடியிருக்கப் போகிற பெண்களை யாரும் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களில் வரும் பதவிப் பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். சிறிய கம்பெனிகளில் ஒரே ஆள் இரண்டையும் பார்ப்பார். நிரலையும் அவரே எழுதுவார். சில இடங்களில் அனலிஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டு வெறும் கணக்கு அறிக்கை எடுக்கும் வேலை கொடுக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள், "நான் யாரோடு பேச வேண்டியிருக்கும், எதை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று கேட்டால் உண்மையான வேலை எது என்று தெரிந்துவிடும். கல்லூரியிலிருந்து நேராக ஆர்க்கிடெக்ட் ஆனவர்களும் மிகக் குறைவு. பல வருஷம் நிரல் எழுதி, தன் கையால் கட்டியது இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்களிடம்தான் அந்தப் பொறுப்பைக் கொடுப்பது வழக்கம். ஆகவே கல்யாண வீட்டு அம்மாளிடம், மகன் முதலில் நல்ல நிரலாளராகட்டும், அந்தப் படிப்புக்குப் பணம் கட்டுங்கள் என்றேன். தங்கை மகளுக்கு வழி இன்னும் கொஞ்சம் அகலம்.

அது ஏன் என்று கேட்பீர்கள். லியோவுக்கு ஆள் தேடியபோது லயன்ஸ் கம்பெனி தன்னிடம் ஏற்கெனவே வேலை செய்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தித் தேர்ந்தெடுத்தது. கடினமான வகுப்பு, தினமும் புதுப் பாடம், மாலையில் வீட்டுக் கணக்கு வேறு. 1952-இல் அப்படித் தேறியவர்களில் ஒருவர் பிராங்க் லேண்ட் என்ற குமாஸ்தா. பெர்லினில் பிறந்து இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர். பின்னாளில் லண்டன் பொருளியல் கல்லூரியில் இதே துறைக்குப் பேராசிரியரானார். இன்னொருவர் மேரி கூம்ஸ் என்ற பெண். அவர் கல்லூரியில் படித்தது பிரெஞ்சு மொழி. லயன்ஸ் அலுவலகத்தில் சாதாரண வேலையில் இருந்தவர், அந்த வகுப்பில் தேறி லியோவுக்கு நிரல் எழுதும் குழுவில் சேர்ந்தார். வியாபாரக் கணிப்பொறிக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். 2022-இல் தம் தொண்ணூற்று மூன்றாவது வயதில் காலமானார். அவர் முதலில் எழுதிப் பழகிய வேலைகளில் ஒன்று, லயன்ஸ் தொழிலாளர்களின் வாரச் சம்பளக் கணக்கு.